பூணூல் குலத்தின் அடையாளமா, மதத்தின் அடையாளமா? மதுரையில் தொடங்கி ரோமில் முடிந்த ஒரு வழக்கு

மூன்று இழை தங்கம், இரண்டு இழை வெள்ளி, அதில் கோத்த சிறு சிலுவை. இப்படி ஒரு பூணூலை 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரையில் ஓர் இத்தாலியப் பாதிரியார் அணிந்திருந்தார். மூன்று பொன்னிழைகள் திரித்துவத்துக்கு, இரண்டு வெள்ளியிழைகள் கிறிஸ்துவின் உடலுக்கும் ஆன்மாவுக்கும் என்று விளக்கம் சொன்னார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற பிராமணர்கள் தங்கள் பழைய பூணூலையும் குடுமியையும் விடவில்லை. விட வேண்டியதில்லை என்றும் அவர் சொல்லிவிட்டார்.

அவர் பெயர் ராபர்ட் தெ நோபிலி. 1577 இல் பிறந்தவர், இயேசு சபைத் துறவி. 1605 இல் கோவாவில் இறங்கி, கொச்சி, முத்துக்குளித்துறை வழியாக 1606 இன் கடைசியில் மதுரை வந்து சேர்ந்தார். தத்துவபோதகர் என்று தமிழ்நாடு அறிந்தவர் இவர்தான். அவருடைய தமிழ் உரைநடையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இங்கே நான் எடுத்துக்கொள்வது அவர் மேல் போடப்பட்ட வழக்கை. மதம் மாறிய ஒருவர் பூணூலோடும் குடுமியோடும், நெற்றியில் சந்தனத்தோடும், பூசைக்கு முன் குளிக்கும் பழக்கத்தோடும் கிறிஸ்தவராக இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. இதற்கு விடை கண்டுபிடிக்க மதுரை, கொச்சி, கோவா, லிஸ்பன், ரோம் என்று ஐந்து ஊர்களுக்கும் ஏறத்தாழ 13 ஆண்டுக் காலத்துக்கும் வேலை இருந்தது.

"பரங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா?"

நோபிலி வருவதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்பே மதுரையில் ஒரு போர்த்துக்கீசியப் பாதிரியார் இருந்தார். கொன்சாலோ பெர்னாண்டஸ், படைவீரராக இருந்து துறவியானவர். ஒரு கோவில், ஒரு பள்ளிக்கூடம், வைத்தியம் என்று நடத்திவந்தார். அவரிடம் வந்த கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் கடற்கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்த பரவர்கள். 1535 முதல் 1537 வரை முத்துக்குளித்துறையில் ஏறத்தாழ 20,000 பரவர்கள் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். முத்துக்குளிக்கும் உரிமைக்கு ஆபத்து வந்தபோது போர்த்துக்கீசியக் கப்பற்படையின் பாதுகாப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது, அந்தப் பாதுகாப்போடு மதமும் வந்தது. கடற்கரையில் இந்த ஏற்பாடு நிலைத்தது. ஆனால் மதுரைக்காரர்கள் கண்ணில், கிறிஸ்தவராவது என்றால் பரங்கியாவது என்று அர்த்தம். மாட்டிறைச்சி தின்பவன், குடிப்பவன், குளிக்காதவன் என்பதுதான் பரங்கி என்ற சொல் அவர்கள் மனதில் எழுப்பிய படம்.

ஞானஸ்நானத்தின் போது கேட்கும் கேள்வியே இதற்கு இடம் கொடுத்தது. கிறிஸ்தவ மறையில் சேரச் சம்மதமா என்று கேட்க வேண்டிய இடத்தில், 'பரங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா' என்று கேட்டுவந்தார்கள். அதில் குறையிருப்பதாகப் பெர்னாண்டஸுக்குத் தோன்றவில்லை. பரங்கி என்றால் கிறிஸ்தவர், அவ்வளவுதான் என்று அவர் நினைத்திருந்தார். நோபிலிக்கு இந்த ஒரு வாக்கியத்திலேயே பிரச்சினை முழுவதும் தெரிந்துவிட்டது. கேள்வியில் இருக்கும் சொல் குலம். ஒரு மதத்தில் சேரக் கூப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, கேட்பவரின் சாதியை விட்டு வரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நோபிலி செய்தவை பலருக்கும் தெரிந்தவை. காவி கட்டினார், பாதக்குறடு போட்டார், ஒரு வேளை மரக்கறி உணவு, சமைக்கப் பிராமணர். பெர்னாண்டஸின் வீட்டிலிருந்து பிரிந்து தனியாகக் குடியேறினார். நான் பரங்கி அல்ல, ரோமில் உயர்குடியில் பிறந்தவன் என்று அறிவித்தார். ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர் பல நாள் உட்கார்ந்து வாதாடி, கடைசியில் முதல் சீடரானார். சிவதர்மர் என்ற தெலுங்குப் பிராமணர் அவருக்குச் சமஸ்கிருதம் கற்றுக்கொடுத்து, பிறகு தானும் ஞானஸ்நானம் பெற்றார். பூணூலும் குடுமியும் அவரிடம் அப்படியே இருந்தன.

புகார்

1610 இல் பெர்னாண்டஸ் தன் சபை மேலிடத்துக்குப் புகார் எழுதினார். நோபிலியின் உடை, உணவு, தனி வீடு, தனிக் கோவில், பரங்கி அல்ல என்ற மறுப்பு, சீடர்களின் பூணூல் எல்லாம் அதில் இருந்தன. இந்தக் கதையைச் சொல்லும் பலர் பெர்னாண்டஸைப் படிப்பில்லாத பொறாமைக்காரர் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே சபை, ஒரே ஊர், ஆனால் இரண்டு கோவில்கள். ஒன்று பரவருக்கு, மற்றது மேல்சாதிக்காரருக்கு. பரவரோடு 15 ஆண்டுகள் பழகிய மனிதருக்கு இது வலிக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று இறையியலுக்கே அடிப்படையானது: ஒரே திருச்சபையின் பிள்ளைகள் ஏன் ஒன்றாக உட்காரக் கூடாது?

வழக்கில் யாருக்கு அதிகாரம் என்பதும் சுலபமான விஷயமில்லை. மதுரை நாயக்கரின் நாடு. அங்கே போர்த்துக்கல் அரசரின் சட்டம் செல்லாது, ஒரு சிப்பாயைக்கூட அனுப்ப முடியாது. ஆனால் பதுரவாதோ என்ற ஏற்பாட்டின்படி, கிழக்கே ஆயர்களை முன்மொழிவதும் பாதிரிகளை அனுப்புவதும் கோவில்களுக்குப் பணம் கொடுப்பதும் போர்த்துக்கல் அரசரின் உரிமை, கடமை. ஆக அரசருக்கு மண் சொந்தமில்லாத ஊரிலும் அவருடைய திருச்சபைக்கு அதிகாரம் இருந்தது. மதுரை அப்போது கொடுங்கல்லூர்ப் பேராயர் பிரான்சிஸ்கோ ரோஸின் ஆளுகையில் வந்தது. சிரியன் மொழியும் மலையாளமும் அறிந்த ரோஸ் நோபிலியின் பக்கம் நின்றார். கோவாப் பேராயர் கிறிஸ்தோவாவ் தெ சா எதிர்த்தரப்பு.

சம்பிரதாயத்தை எதைக் கொண்டு அளப்பது?

இந்த வழக்கின் சாரம் இங்கேதான் இருக்கிறது. அப்போதைய திருச்சபைச் சட்டத்தில் ஒரு பிரிவினை உண்டு. ஒரு பழக்கம் பொய்த் தெய்வ வழிபாட்டைச் சேர்ந்ததென்றால் அது பாவம், விட்டுவிட வேண்டும். வெறும் குடிமைப் பழக்கமென்றால், அதாவது ஒருவரின் குடி, பதவி, நாட்டு வழக்கம் இவற்றைக் காட்டுவதற்கு மட்டும் உள்ளதென்றால், வைத்துக்கொள்ளலாம். சரி, பூணூல் இதில் எந்தப் பக்கம்?

பெர்னாண்டஸ் சடங்கைப் பார்த்தார். 1616 இல் பிராமணர் ஒருவரின் துணையோடு இந்துச் சடங்குகளை ஒரு பெரிய தொகுப்பாகப் போர்த்துக்கீசியத்தில் எழுதினார். உபநயனம் எப்படி நடக்கிறது, என்ன ஓமம், என்ன மந்திரம், கல்யாணத்தில் என்ன, சாவில் என்ன என்று வரிசையாக வரும் குறிப்புகள். அவர் வாதம் நேரடியானது: அக்கினி வளர்த்து மந்திரம் சொல்லிப் போடுகிற நூலை மதத்தின் நூல் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

நோபிலி நூல்களைப் பார்த்தார். 1613 இல் லத்தீனில் எழுதிய நீண்ட விளக்கத்தில் மனுவின் சட்டங்களிலிருந்து பத்தி பத்தியாக மேற்கோள் காட்டினார். பிராமணருக்குப் பருத்தி நூல், சத்திரியருக்குச் சணல், வைசியருக்குக் கம்பளி என்று மனுவில் இருக்கிறது. மதத்தின் அடையாளமாக இருந்தால் அந்த மதத்தார் எல்லோருக்கும் ஒரே அடையாளம்தானே இருக்க வேண்டும்? குலத்துக்குக் குலம் மாறுகிறதென்றால் அது குலத்தைக் காட்டும் நூல்தான். இதோடு, எல்லாவற்றையும் துறந்து கடவுளையே நாடும் சந்நியாசி முதலில் கழற்றிப் போடுவது பூணூலையும் குடுமியையும்தான் என்பதும் அவர் தரப்புக்குச் சாதகம். வழிபாட்டுக்கு இன்றியமையாததாக இருந்தால் துறவியல்லவா அதை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பார்? குடுமியைப் பல சாதியாரும் வைக்கிறார்கள். சந்தனம் அழகுக்கும் குளிர்ச்சிக்கும். குளியல் சுத்தத்துக்கு. மதுரையின் பிராமணப் பண்டிதர்களிடமே எழுத்துமூலம் சாட்சியமும் வாங்கி இணைத்தார். இவற்றுக்கெல்லாம் மேலே அக்குவினாஸின் தோமா, பெரிய கிரகோரி பாப்பரசர் போன்ற திருச்சபை அதிகாரங்களை அடுக்கினார். ஆங்கில நாட்டில் பழைய கோவில்களை இடிக்காமல் தீர்த்தம் தெளித்து மாற்றிக்கொள்ளச் சொன்னவர் அந்தக் கிரகோரி.

இரண்டு பக்கமும் உண்மையைத்தான் சொன்னார்கள் என்று எனக்குப் படுகிறது. பூணூல் போடும் நாளில் அக்கினியும் காயத்ரியும் இருக்கின்றன, அதை யாரும் மறுக்க முடியாது. போட்ட மறுநாளிலிருந்து தெருவில் அது சொல்வது 'நான் யார்' என்பதைத்தான், அதையும் மறுக்க முடியாது. தமிழ்நாட்டுக் கம்மாளர் பூணூல் அணிகிறார்கள், அதை வைத்து மதிப்புக்கே போராடியிருக்கிறார்கள். மதம் வேறு, சமூகம் வேறு என்று கத்தியால் வெட்டிப் பிரிக்கும் வழக்கம் நம் ஊரில் இருந்ததில்லை. மேற்கத்தியச் சட்டத்துக்கு அந்த வெட்டு தேவைப்பட்டது. ஏதாவது ஒரு பக்கம் விழுந்தாக வேண்டும் என்பதால்தான் ஒரு நூலுக்கு இத்தனை ஆண்டுகள் பிடித்தன.

கோவா, லிஸ்பன், ரோம்

1619 பிப்ரவரியில் கோவாப் பேராயரின் மாளிகையில் சபை கூடியது. இரண்டு பேராயர்கள், மதவிசாரணை மன்றத்தின் நீதிபதிகள், இறையியலாளர்கள். நோபிலி நேரில் நின்று வாதாடினார். பெரும்பான்மை அவருக்கு எதிராகப் போனது. ஆனால் கோவா மன்றத்தின் நீதிபதி ஒருவர், அல்மெய்தா, அவர் பக்கம் சாய்ந்து லிஸ்பனுக்கு எழுதினார். பொய்த் தெய்வ வழிபாட்டின் சாயலைத் தேடிப் பிடித்துத் தண்டிப்பதே வேலையாகக் கொண்ட மன்றத்தின் ஆள், இதில் வழிபாடில்லை என்று சொன்னது எதிர்த்தரப்புக்குப் பெரிய அடி.

கோப்பு லிஸ்பனுக்குப் போனது. போர்த்துக்கல்லின் தலைமை மதவிசாரணையாளர் பெர்னாவோ மார்ட்டின்ஸ் மஸ்கரேன்யாஸ் 1621 இல் நோபிலிக்குச் சாதகமாக எழுதினார். ரோமில் நோபிலியின் உறவினர் கர்தினால் பெல்லார்மின் இருந்தார். முதலில் கேள்விப்பட்டதைக் கேட்டுத் திடுக்கிட்டுக் கடிந்து எழுதியவர், விளக்கத்தைப் படித்த பிறகு மனம் மாறினார்.

1623 ஜனவரி 31 அன்று பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியின் தீர்ப்பு வந்தது. பூணூலும் குடுமியும் குடிப்பிறப்பு, மேன்மை, பதவி இவற்றின் அடையாளமாக அனுமதிக்கப்பட்டன. சந்தனம் அலங்காரத்துக்கு, நீராடல் உடல் சுத்தத்துக்கு. நிபந்தனைகள் கறாரானவை. இந்துக் கோவிலிலோ இந்துக் குருவிடமோ பூணூல் வாங்கக் கூடாது. கத்தோலிக்கக் குரு தீர்த்தம் தெளித்து ஜெபித்துத் தர வேண்டும். பழைய பூணூலை எரித்துவிட வேண்டும். அதோடு, வேறு முடிவு எடுக்கும் வரைக்கும் என்ற வாசகம்.

இந்த நிபந்தனைகளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பூணூல் மதச் சின்னமே இல்லை என்றால் தீர்த்தம் எதற்கு, ஜெபம் எதற்கு, பழையதை எரிப்பது எதற்கு? தீர்ப்பு நோபிலியின் வாதத்தை ஒப்புக்கொண்டது, பெர்னாண்டஸின் அச்சத்தையும் கூடவே வைத்துக்கொண்டது. கழுவி, மந்திரித்து, புதிதாகப் போட்ட நூல் அது.

தீர்ப்பின் கடைசிப் பகுதியில் இன்னொன்றும் இருக்கிறது. பிறப்பின் மேன்மையைப் பெருமையாக நினைப்பவர்கள் தாழ்ந்த நிலையில் உள்ளவர்களை இகழக் கூடாது, கோவிலில் இறைவார்த்தை கேட்பதிலும் திருவருட்சாதனங்கள் பெறுவதிலும் அவர்களை விட்டு ஒதுங்கக் கூடாது என்று பாப்பரசர் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறார். பூணூலுக்கு வந்தது அனுமதி, சமத்துவத்துக்கு வந்தது வேண்டுகோள். அனுமதி உடனே நடைமுறைக்கு வந்துவிட்டது.

அதே காலத்தில் கோவாவில்

நோபிலியின் வெற்றியைத் தாராள மனதின் வெற்றி என்று சொல்வதற்கு முன், மேற்குக் கடற்கரைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். 1510 இல் கோவாவைப் பிடித்த போர்த்துக்கீசியர், 1526 இல் அஃபோன்சோ மெஷியா என்ற நிதி அதிகாரியின் கீழ், ஊர்ச் சபைகளின் நிலவுரிமை, வாரிசுரிமை, வரி வழக்கங்களைத் தொகுத்துச் சட்டமாக்கினார்கள். நிலத்திலிருந்து வருமானம் வர வேண்டும், ஊர்ப் பெரியவர்கள் ஒத்துழைக்க வேண்டும். ஆகவே வழக்கம் சட்டமானது. 14 ஆண்டுகள் கழித்து, 1540 இல், அதே ஊர்களின் இந்துக் கோவில்கள் இடிக்கப்பட்டன. கோவில் நிலங்கள் கிறிஸ்தவ நிறுவனங்களுக்குப் போயின. 1559 இல் தகப்பனை இழந்த இந்துக் குழந்தைகளைக் கிறிஸ்தவக் கல்லூரியிடம் ஒப்படைத்து வளர்க்கும் சட்டம். தாயோ பாட்டியோ உயிரோடு இருந்தாலும் பிள்ளையை எடுத்துக்கொண்டு போனதாகக் கோவாக்காரர்கள் தொடர்ந்து முறையிட்டார்கள், ஆற்றைக் கடந்து பிஜாப்பூர் சுல்தானின் நாட்டுக்கு ஓடினார்கள். 1560 இல் மதவிசாரணை மன்றம், 1567 இல் மாகாணத் திருச்சங்கத்தின் தடைகள்.

1736 இல் கோவா மன்றம் போட்ட ஆணை இன்னும் சிறிய விஷயங்கள் வரை போகிறது. கல்யாண வீட்டில் பெண்கள் பாடும் பாட்டு கூடாது. வீட்டு முற்றத்தில் துளசி கூடாது. சோற்றை உப்பில்லாமல் வடிக்கக் கூடாது, ஏனென்றால் இந்துக்கள் அப்படி வடிக்கிறார்கள். மதுரையில் நெற்றிச் சந்தனம் குடிமைப் பழக்கம், கோவாவில் உலைப்பானை மதக் குற்றம்.

இரண்டு இடத்திலும் ஒரே திருச்சபை, ஒரே சட்டநூல், குடிமை–மதம் என்ற ஒரே பிரிவினை. வேறுபட்டது ஆளும் கை மட்டும். கோவாவில் சிறையும் காவலரும் அவர்களுடையது, ஆகவே தடை போட்டார்கள். மதுரையில் நாயக்கர் நினைத்தால் பாதிரியை ஒரே நாளில் ஊரைவிட்டு அனுப்பலாம், ஆகவே மனுவைப் படித்தார்கள். நோபிலியின் அறிவையோ உழைப்பையோ குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த அறிவுக்குக் காது கிடைத்தது, அதிகாரம் எட்டாத ஊரில் அவர் உட்கார்ந்திருந்ததால்தான்.

கோப்பில் பெயர் இல்லாதவர்கள்

நோபிலி மனுவை மேற்கோள் காட்டினார், பண்டிதர்களைச் சாட்சிக்கு அழைத்தார். பெர்னாண்டஸ் பிராமணரின் துணையோடு எழுதினார். இரண்டு தரப்புச் சான்றும் மேலே இருந்தவர்களிடமிருந்தே வந்தது. பூணூல் வெறும் சமூக அடையாளம் என்றால், அந்தச் சமூகம் யாரை எங்கே நிறுத்துகிறது என்று கீழே நின்றவர்களிடம் யாரும் வாக்குமூலம் வாங்கவில்லை. என்னைக் கேட்டால் வழக்கின் பெரிய தவறு இதுதான். சாதி மதத்தோடு சேர்ந்தது என்று முடிவாகியிருந்தால், அதை விட்டுவிடச் சொல்லும் கடமை திருச்சபைக்கு வந்திருக்கும். சாதி வெறும் நாட்டு வழக்கம் என்று 1623 இல் முத்திரை விழுந்துவிட்டது. நாட்டு வழக்கத்தில் திருச்சபை ஏன் தலையிட வேண்டும்?

அதன் பலன் வேகமாகத் தெரிந்தது. 1640 வாக்கில் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கென்று பண்டாரசாமிகள் என்று தனிப் பாதிரிகள் ஏற்பட்டார்கள். மேல்சாதிக்காரருக்குச் சந்நியாசிப் பாதிரி. நோபிலி 1656 இல் மயிலாப்பூரில் இறந்தபோது இந்த இரட்டை ஏற்பாடு ஊன்றிவிட்டது. ஒடுக்கப்பட்டவர் வீட்டில் ஒருவர் சாகக் கிடந்தால் மேல்சாதிக்காரரின் பாதிரி அந்த வீட்டுக்குள் போகமாட்டார், நோயாளியை வெளியே தூக்கி வர வேண்டும் என்ற நிலை வந்தது.

1703 இல் பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரி வந்த தூர்னோன், 1704 இல் 16 விதிகள் கொண்ட ஆணை போட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, கல்யாணத் தேங்காய், மாதவிலக்கான பெண்களைக் கோவிலிலிருந்து ஒதுக்குவது என்று பலதும் அதில் வருகின்றன. நோயுற்ற ஒடுக்கப்பட்டவரின் வீட்டுக்குள் போய்த்தான் அவஸ்தைபூசுதல், அதாவது சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் சடங்கு, கொடுக்க வேண்டும் என்பதும் ஒன்று. 40 ஆண்டுகள் இழுபறி. 1744 இல் பதினான்காம் பெனடிக்ட் தடைகளை உறுதிசெய்தார், ஆனால் ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தனிப் பாதிரிகளை வைத்துக்கொள்ளும் வழியை ஏற்றுக்கொண்டார். தாலியில் இருந்த பிள்ளையார் போனார். வீட்டு வாசலில் இருந்த கோடு போகவில்லை.

அந்தக் கோடு கல்லாகவும் சுண்ணாம்பாகவும் எழுந்ததைத் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் பார்க்கலாம். 1870 களில் கட்டிய கோவில் அது. ஒரு பீடம், அதிலிருந்து கால்சட்டையின் இரண்டு கால்கள் போலப் பிரியும் இரண்டு கூடங்கள், நடுவே தடுப்பு. ஒரு கூடத்தில் வேளாளர், மற்றதில் நாடார் முதலான பிறர். பூசை வைக்கும் குரு மட்டும் இரு பக்கத்துக்கும் தெரிவார். 1910 இல் பங்குக் குரு அந்தத் தடுப்பை இடித்தார். வேளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. காலகாலமாக வந்த வழக்கம், எங்கள் உரிமை, சுவரைத் திரும்பக் கட்டித் தர வேண்டும் என்று கேட்டார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை வந்தது. கிறிஸ்தவக் கோவிலுக்குள் சாதியை வைத்துத் தனி இடம் கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை என்று தீர்ப்பாகி, சுவர் எழும்பாமலே போனது.